ஊர்தான் இரும்பை, மூட்டை எதற்கு இரும்பாய்?

எங்க ஊர் பேர் இரும்பை. ஆரோவில்லுக்குப் பக்கத்து ஊர் என்றால் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். ஈசிஆரில் ஏறி வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து "இரும்பை எடைக்குப் போடலாமா மச்சி?" என்ற கடி ஜோக்கைக் கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. இன்றைக்கு அதே ஜோக்கை நானே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், மன்னிக்கவும்: இரும்பைக்காரன் என்பதற்காக நான் இரும்பைக் குத்த வேண்டிய அவசியம் இல்லை!

ஆனால் குத்திக்கொண்டுதான் இருக்கிறோம். நான் மட்டும் இல்லை. மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரைக்கும் பாக்ஸிங், கராத்தே, கிக் பாக்ஸிங் என்று கிளம்பியிருக்கிற பசங்களும் பொண்ணுங்களும் தினமும் குத்துவது மணலைத்தான். சாக்கிலோ ரெக்சின் பையிலோ மணலை ரொப்பி, புளிய மரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு பஞ்சிங் பேக் என்று பெயர் வைத்திருக்கிறோம். மழையில் நனைந்து காய்ந்த பிறகு அது பேக் இல்லை சாமி, தூண்!

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். குத்துச்சண்டை கற்கும் ஒருவரை அவர் வாழ்நாளில் அதிகமாகத் திருப்பி அடிப்பது எதிராளி இல்லை, இந்த மூட்டை. அந்த மூட்டை எப்படி இருக்க வேண்டும் என்று கவலைப்பட ஒரு ஆளும் இல்லை. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, இதற்கு மட்டும் இல்லை

கிரிக்கெட் பந்து எத்தனை கிராம் இருக்க வேண்டும்? 155.9 முதல் 163 கிராம் வரை. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அமெச்சூர் குத்துச்சண்டை மேடை கயிற்றுக்குள் 6.1 மீட்டர் சதுரம். கையுறை 10 அவுன்ஸா 12 அவுன்ஸா என்பதற்குக் கூட எடைப் பிரிவு பார்த்து விதி இருக்கிறது. ஏன்? போட்டி நடக்கிறது, நடுவர் இருக்கிறார், தோற்றவன் புகார் கொடுப்பான்.

மூட்டைக்கு நடுவர் இல்லை. அது எந்தப் போட்டியிலும் கலந்துகொள்வதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அமெச்சூர் போட்டி என்பது மூன்று நிமிடச் சுற்று மூன்று, மொத்தம் ஒன்பது நிமிடம். அதற்காக ஒருவர் மாதக்கணக்கில், வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு இருநூறு முந்நூறு குத்து மூட்டையில் விடுகிறார். ஒன்பது நிமிடத்துக்கு ஆயிரம் விதி, ஒன்பது மாதத்துக்கு ஒரு விதியும் இல்லை. என்ன நியாயமோ!

மூட்டை எப்படித் திருப்பி அடிக்கிறது?

நியூட்டனின் மூன்றாம் விதி. பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி. நீ மூட்டையை எவ்வளவு விசையோடு தள்ளுகிறாயோ, அதே விசையோடு அது உன் கையைத் தள்ளும்.

அது எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ஃப்ராங்க் புருனோ என்ற ஹெவிவெயிட் வீரரை, பஞ்சு வைத்துக் கட்டிய ஒரு ஊசல் இலக்கைக் குத்தச் சொன்னார்கள். முஷ்டியின் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4096 நியூட்டன். நம்ம பாஷையில் சொன்னால் சுமார் 400 கிலோ எடை ஒரு நொடிப்பொழுது வந்து உட்காருகிற மாதிரி. நாம் புருனோ இல்லை, பாதி கூட வராது. பாதி என்றாலே 200 கிலோ. அதைத் தாங்குவது விரலுக்குப் பின்னால் இருக்கும் பென்சில் தடிமன் எலும்புகள்.

இங்கேதான் மூட்டையின் குணம் முக்கியமாகிறது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கச் சொல்வார்களே, அதே சங்கதி. முஷ்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு விசை குறையும். ஒரு சென்டிமீட்டரில் நிற்கிற குத்தை ஐந்து சென்டிமீட்டரில் நிற்க வைத்தால் சராசரி விசை ஐந்தில் ஒரு பங்கு. குத்து அதே குத்துதான். உன் வேகம் குறையவில்லை, வீரமும் குறையவில்லை. கை மட்டும் பிழைத்துக்கொண்டது.

இறுகிப்போன மணல் ஒரு சென்டிமீட்டர் கூடக் கொடுக்காது. அப்புறம் என்ன, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் கழுத்து முறியும். அதற்கு மருத்துவத்தில் பெயரே 'பாக்ஸர் முறிவு'தான். எங்கள் ஊர் மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் கடுவெளிச் சித்தரின் சாபத்தால் பிளந்தது, செப்புத் தகடு வைத்துப் பிணைத்திருக்கிறார்கள் என்று தலபுராணம் சொல்வார்கள். நம்ம எலும்புக்கும் ஆஸ்பத்திரியில் தகடு வைப்பார்கள்தான். ஆனால் நாம் சாமி இல்லையே, பழையபடி ஆவதற்கு!

பெரிய வீரர்களுக்கும் இதே கதைதான். பிரிட்டன் ஒலிம்பிக் குத்துச்சண்டை அணியைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், உடம்பில் அதிகம் அடிபட்ட இடம் தலை இல்லை, கை. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒரு மணி நேரக் கணக்கில் பார்த்தால் பயிற்சியை விடப் போட்டியில்தான் காயம் அதிகம். ஆனால் அவர்கள் பயிற்சி எடுப்பது நல்ல மூட்டையில், நல்ல கையுறையோடு, பக்கத்திலேயே மருத்துவரை வைத்துக்கொண்டு. நாம் எடுப்பது புளிய மரத்தடியில்.

மணல் கணக்கு

நான் பி.காம். எனக்கு இயற்பியலை விடக் கணக்கு நம்பிக்கையானது. நான்கடி உயரம், 35 சென்டிமீட்டர் விட்டம் உள்ள சாதாரண பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுமார் 115 லிட்டர் இடம். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. முழுக்க ரொப்பினால் 185 கிலோ! எந்தக் கிளையும் தாங்காது. அதனால் என்ன செய்கிறார்கள்? பையைச் சின்னதாக்குகிறார்கள், இல்லையென்றால் பாதி மட்டும் ரொப்புகிறார்கள். சின்னப் பையில் ஹுக் பழக முடியாது. பாதி ரொப்பிய பையில் மேலே குத்தினால் காற்று, கீழே உதைத்தால் கல். மேலே குத்தும் மணிக்கட்டு மடங்கும், கீழே உதைக்கும் முழங்கால் எலும்பு கதறும்.

அதே 115 லிட்டரில் துணிக் கழிவை நன்றாகத் திணித்தால் 35 முதல் 45 கிலோ வரும். உடம்பு எடையில் பாதி எடைக்கு மூட்டை இருக்கட்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. 70, 80 கிலோ ஆளுக்கு இது கச்சிதம். 45 கிலோ எடையுள்ள பள்ளி மாணவிக்கு இன்னும் சின்ன மூட்டை வேண்டும். நம்ம ஊரில் அந்த மாணவியும் ஜிம் அண்ணனும் குத்துவது ஒரே மூட்டை. செருப்புக்கு சைஸ் பார்க்கிறோம், இதற்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்று நம்ம கரைக்கே உரிய வில்லன், உப்புக் காற்று. உப்பளத்துக்கு வரம், சங்கிலிக்குச் சாபம். சாதா இரும்புச் சங்கிலியும் எஸ் கொக்கியும் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துரு ஏறிவிடும். தலைக்கு மேலே தொங்குகிற மணல் மூட்டைக்குத் துருப்பிடித்த கொக்கி. யோசித்துப் பாருங்கள்.

"மணலைக் குத்தினால்தான் கை இறுகும்"

இதுதான் மாஸ்டர்கள் சொல்லும் பதில். சினிமாவும் இதைத்தான் சொல்கிறது. ஹீரோ மணல் மூட்டையைக் குத்துவார், மூட்டை கிழியும், மணல் கொட்டும், பின்னணி இசை எகிறும், நமக்கும் புல்லரிக்கும். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு எங்கள் பக்கமும் மரத்துக்கு மரம் சாக்கு தொங்கியது. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மீது எனக்கும் மரியாதை உண்டு. கையில் கிடைத்ததை வைத்து வீரர்களை உருவாக்கியவர்கள் அவர்கள். மரியாதை அந்த உழைப்புக்குத்தான். வறுமைக்கு இல்லை. வேறு வழியில்லாமல் அன்று செய்ததை, வழியிருக்கும் இன்றைக்கும் செய்தால் அதற்குப் பெயர் பாரம்பரியமா?

எலும்பு சுமைக்கு ஏற்ப இறுகும் என்பது உண்மை. 1892இல் ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்தது. ஆனால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும். முதல் நாளே கல்லில் மோதினால் எலும்பு இறுகாது, விரியும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு இந்த விளையாட்டுக்கே வராது. தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

நம்ம முன்னோர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். மல்யுத்த கோதாவைப் பாருங்கள். மண்ணைக் கொத்தி, சலித்து, எண்ணெய், மோர், மஞ்சள் எல்லாம் போட்டுப் பதமாக்குவார்கள். "கட்டாந்தரையில் விழுந்தால்தான் முதுகு இறுகும்" என்று எந்த உஸ்தாதும் சொன்னதில்லை. ஜல்லிக்கட்டை விட வீரமான விளையாட்டு வேறு உண்டா? அங்கேயே வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார்க் கழிவைக் கொட்டி மெத்தை போடுகிறோம். மாட்டைப் பிடிக்கிறவனுக்கு மெத்தை, மூட்டையைக் குத்துகிற பொண்ணுக்குக் கல்லா?

வெளியூர்க் கதையும் இதுதான். ஒகினாவா கராத்தேக்காரர்களின் மகிவாரா பார்ப்பதற்கு மரக்கட்டை. ஆனால் அடியில் தடிமனாகவும் மேலே மெல்லியதாகவும் செதுக்கி, குத்தினால் வளைகிற மாதிரி நட்டு, மேலே வைக்கோல் சுற்றியிருப்பார்கள். அதன் உயிரே அந்த வளைவில் இருக்கிறது. பழங்கால கிரேக்கர்கள் 'கொரிக்கோஸ்' என்று ஒரு தோல் மூட்டையைத் தொங்கவிட்டார்கள். மெலிந்தவர்களுக்கு அத்தி விதை அல்லது மாவு, பலசாலிகளுக்கு மட்டும் மணல் என்று அந்தக் காலத்து மருத்துவக் குறிப்பு சொல்கிறது. ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்பே ஆளுக்கு ஏற்ற மூட்டை என்று யோசித்திருக்கிறார்கள். நாம் இன்னும் அந்த மாவு மூட்டைக்கே வந்து சேரவில்லை.

"மணலைக் குத்தி சாம்பியன் ஆனவர் இருக்கிறாரே?" இருக்கிறார். அவர் படம் போஸ்டரில் இருக்கிறது. அதே மணலைக் குத்தி மணிக்கட்டு போய் வீட்டில் உட்கார்ந்தவருக்கு யாரும் போஸ்டர் அடிப்பதில்லை. தப்பிப் பிழைத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் எல்லா விபத்தும் நல்ல விபத்தாகத்தான் தெரியும்.

இப்போது கொஞ்சம் காமர்ஸ்

இந்தப் பிரச்சினையின் வேர் வீரத்தில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. இந்தியாவில் விளையாட்டுச் சாமான் என்றாலே ஜலந்தர், மீரட். அங்கிருந்து 40 கிலோ மூட்டையை இங்கே அனுப்பினால் லாரி வாடகை தாங்காது. அதனால் காலிப் பையை மட்டும் அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று கிலோ பார்சல், வேலை முடிந்தது. காசுக் கணக்கில் இது சரியான முடிவுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு பஞ்சிங் பேக்கில் வடிவமைப்பு என்பது எங்கே இருக்கிறது? தோலிலா, லோகோவிலா? உள்ளே இருப்பதில்தான் இருக்கிறது! மிக முக்கியமான பாகத்தை வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டு, எதை ரொப்ப வேண்டும், எவ்வளவு ரொப்ப வேண்டும் என்று ஒரு வரி கூட அச்சடிக்காத பைகள் கடைகளில் தொங்குகின்றன. பாதிப் பொருளை முழுப் பெயரில் விற்பது இது. பிரஷர் குக்கரை வால்வு இல்லாமல் விற்றால் சும்மா இருப்போமா?

இரண்டாவது, வாங்குகிறவர் குத்துவதில்லை, குத்துகிறவர் வாங்குவதில்லை. வாங்குவது பள்ளி, சங்கம், ஜிம் முதலாளி. அவர்கள் பார்ப்பது விலை, எத்தனை வருடம் கிழியாமல் வரும் என்கிற உழைப்பு. மணல் ரொப்பிய மூட்டை கிழியாது, திருடு போகாது, செலவும் இல்லை. லெட்ஜரில் லாபம். நஷ்டம் எழுதப்படுவது வேறொருவர் மணிக்கட்டில். அந்தக் கணக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் தொகுப்பு என்று ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம். பொதுப் பணத்தில் சாமான் வாங்கும் பழக்கம் கிராமம் வரை வந்துவிட்டது என்றால், வாங்கும் ஆர்டரில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லையே?

எல்லாமே நம்ம கையில்தான் இருக்கிறது

கடுப்பாக இருப்பது இதுதான். நல்ல மூட்டைக்குத் தேவையான அத்தனையும் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. திருப்பூர் பனியன் வேஸ்ட் மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்கப் போகிறது. உலகத்தில் நல்ல ஜிம்களின் மூட்டைக்குள் இருப்பதும் அதே மாதிரி துணிக் கழிவுதான்! ஆம்பூர், வாணியம்பாடி தோல் உலகம் முழுக்கப் போகிறது. ரெக்சின் தைக்க லாரி சீட் போடுகிற குஷன் கடை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது.

நான் கேட்கும் மூட்டை இதுதான்:

1. வெளியே கெட்டியான ரெக்சின் அல்லது தார்ப்பாய், இரட்டைத் தையல். மேலே மழை இறங்காத மூடி. துணி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2. உள்ளே சின்னதாக வெட்டிய பனியன் துணி. பட்டன், ஜிப் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு சாண் போட்டதும் உலக்கையால் இடித்து, மறுபடி ஒரு சாண். ஊறுகாய் ஜாடியில் அடைப்பது மாதிரி.

3. எடை போதவில்லையா? மணலைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி நட்ட நடுவில் மட்டும் வையுங்கள். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டருக்காவது துணி. மணலுக்கு நான் எதிரி இல்லை, அது இருக்க வேண்டிய இடம் நடுவில்.

4. இரண்டு முனையிலும் வளையம். மாதம் ஒரு முறை தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். அடியில் இறங்கிய துணி மறுபடி மேலே வரும். பைசா செலவில்லாத வைத்தியம்.

5. கடற்கரை ஊருக்கு துத்தநாகப் பூச்சுச் சங்கிலி அல்லது எவர்சில்வர் கொக்கி. குட்டைப் பிள்ளைக்கும் நெட்டைப் பிள்ளைக்கும் ஏற்றி இறக்க உபரி வளையங்கள்.

6. வெளியே பெரிய எழுத்தில்: என்ன ரொப்பியிருக்கிறது, எத்தனை கிலோ, எந்த எடை ஆளுக்கு.

செலவு? பனியன் வேஸ்ட் கிலோ ஐம்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 30 கிலோவுக்கு 1500. பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 150. ஒரு எக்ஸ்ரேக்கும் ஒரு மாவுக்கட்டுக்கும் ஆகும் செலவை உங்கள் வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அப்புறம் எது மலிவு என்று பேசலாம். அந்த 150 கூட முடியாதென்றால் பழைய ஸ்கூட்டர் டயர்களை அடுக்கிக் கயிற்றால் இறுக்கி, மேலே சாக்கைச் சுற்றித் தொங்கவிடுங்கள். மணலை விட அது எவ்வளவோ தேவலாம்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன்?

எங்கள் பக்கம் குத்துச்சண்டைக்கு வருகிற பிள்ளைகள் பொழுதுபோக்குக்கு வரவில்லை. அப்பா உப்பளத்திலோ போட்டிலோ வேலை பார்ப்பார். மாவட்ட அளவில் ஒரு மெடல், மாநில அளவில் ஒரு சர்டிஃபிகேட், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், அப்புறம் போலீஸ், ரயில்வே, ராணுவம். அதுதான் திட்டம். குடும்பத்துக்கே அது ஒன்றுதான் திட்டம். அந்தத் திட்டத்தின் மொத்த முதலீடு இரண்டு கை. கம்பெனி மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் போடுவான், இவர்களுக்குப் போடுவார் யாரும் இல்லை.

பொம்பளைப் பிள்ளை என்றால் இன்னும் மோசம். பையனுக்குக் கை வீங்கினால் "சரியாப் போயிடும்" என்பார்கள். பெண்ணுக்கு வீங்கினால் "இனிமே போக வேண்டாம்" என்பார்கள். நான் பார்த்த வரை நிறையப் பெண்கள் இந்த விளையாட்டை விட்டது தோற்று இல்லை. ஒரு வீக்கத்தைப் பார்த்து வீட்டில் பயந்துபோனதால் விட்டார்கள். அந்த வீக்கத்தைக் கொடுத்தது எதிரில் நின்ற வீராங்கனை கூட இல்லை, நாலு சட்டி மணல்.

மாஸ்டர்களே, கோபப்படாதீர்கள். உங்கள் ஒழுக்கத்தையோ கண்டிப்பையோ குறைக்கச் சொல்லவில்லை. இன்னும் நூறு குத்து கூடக் குத்தச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் குத்துகிறோம். கை நன்றாக இருந்தால்தானே அந்த நூறையும் குத்த முடியும்?

இதைப் படிக்கிற வகுப்புத் தோழர்களே, முகம் தெரியாத நண்பர்களே, உங்கள் ஊரில் தொங்குகிற மூட்டையை நாளைக்குக் காலையில் ஒரு தடவை கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகிறதா? போனால் குத்துங்கள். போகவில்லையென்றால் முதல் வேலை கிளவுஸை மாட்டுவதில்லை, மூட்டையை இறக்கிக் கீழே கொட்டுவதுதான்.

பி.கு: கொட்டிய மணலை வீணாக்க வேண்டாம். லாங் ஜம்ப் பசங்களிடம் கொடுங்கள். மணலில் விழுவதற்குத்தான் அவர்கள் ஓடி வருகிறார்கள்!